இரட்டைப் பலகமும் இரட்டைப் பெயர்களும்

பதுளை நகரில் நடந்த கணனிப் பயிற்சி வகுப்பொன்றின் நிறைவு நாளுக்கு அண்மையில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். பசறை, மடுல்சீமை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். பேச்சைச் சுருக்கிக்கொண்டு, தோட்டத்துக் குடும்பங்களின் ஆவணங்களை நான் எப்படிக் கணனியில் சேமித்து வைக்கிறேன் என்று காட்டினேன். திரையின் இடப்பக்கம் ஒரு கோப்புறை, வலப்பக்கம் இன்னொரு கோப்புறை, நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

பயிற்றுநர் ஓர் இளைஞர். மரியாதையானவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, இது பழைய காலத்து முறை. இப்போது யாரும் கோப்புறைகளைத் திறந்து பார்ப்பதில்லை. பெயரைத் தட்டினால் கோப்பு வந்துவிடும்."

பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவர்களுடையதன்று. எங்கோ உருவாகி, பாடத்திட்டம் வழியாக இறங்கி, பதுளை வரை வந்த சிரிப்பு. அதற்கு அங்கேயே பதில் சொல்ல நேரம் போதவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் என் தொழிலிலிருந்து தொடங்குகிறேன். பேராதனையில் கலைப்பட்டம் முடித்துக்கொண்டு கொழும்பில் ஒரு நாளிதழில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒப்புநோக்குநர் வேலை. தமிழகத்தில் பிழை திருத்துபவர் என்பார்கள். நாங்கள் ஒப்புநோக்குநர் என்போம். இரண்டில் நமது சொல்லே துல்லியமானது. இடப்பக்கம் செய்தியாளரின் கையெழுத்துப் பிரதி இருக்கும். வலப்பக்கம் அச்சுப்படி இருக்கும். ஒருவர் வாசிப்பார், மற்றவர் பார்ப்பார். இரண்டையும் பக்கத்தில் வைக்காமல், அச்சுப்படியை மட்டும் படித்துத் திருத்தக் கூடாது என்பது எங்கள் தலைமை ஒப்புநோக்குநர் போட்ட முதற் கட்டளை. "படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் தம்பி. வைத்துப் பார்த்தால்தான் ஒரு வரி விழுந்திருப்பது தெரியும்" என்பார்.

இல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இருப்பதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கணனியில் இரட்டைப் பலகத்தின் முழுத் தத்துவமும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இந்த வசதி நேற்று வந்ததன்று. 1986இல் ஜான் சோச்சா என்பவர் எழுதிய நார்ட்டன் கமாண்டர் வெளிவந்தது. நீலத் திரை, அதில் இரண்டு பலகங்கள். டேப் விசையைத் தட்டினால் ஒரு பலகத்திலிருந்து மற்றதற்குத் தாவலாம். எஃப் 5 தட்டினால் இந்தப் பக்கத்துக் கோப்பு அந்தப் பக்கத்திற்குப் பிரதியாகும். எஃப் 6 தட்டினால் இடம்பெயரும். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எப்போதும் கண்முன்னே இருந்தது. அந்த முறையைப் பின்பற்றி 1993இல் சுவிற்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் விண்டோஸ் கமாண்டரை வெளியிட்டார். 2002இல் அதற்கு டோட்டல் கமாண்டர் என்று பெயர் மாறியது. 1994இல் மெக்சிக்கோவின் மிகேல் டி இகாசா, யுனிக்ஸ் வகைக் கணனிகளுக்காக மிட்நைட் கமாண்டரை எழுதினார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இதே டி இகாசாதான் 1997இல் க்னோம் திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். க்னோமின் முதற் கோப்பு மேலாளர் மிட்நைட் கமாண்டரிலிருந்தே உருவானது. பின்னர் அதன் இடத்துக்கு நாட்டிலஸ் வந்தது. 2010இல் வெளிவந்த நாட்டிலஸ் 2.30இல் எஃப் 3 விசையைத் தட்டினால் சாளரம் இரண்டாகப் பிரியும் வசதியைச் சேர்த்தார்கள். இரண்டே ஆண்டுகள். 2012இல் 3.6 பதிப்பு வந்தபோது எஃப் 3 தட்டினால் எதுவும் நடக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். முடிவு டி இகாசாவுடையதன்று. ஆனால் இரட்டைப் பலகத்தில் பிறந்த வீட்டில்தான் இரட்டைப் பலகத்திற்கு இடமில்லாமற் போனது.

காரணங்கள் சொன்னார்கள். அவற்றைப் புறந்தள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் காரணம், இதைப் பயன்படுத்துவோர் சிலரே என்பது. இருக்கலாம். மறுக்க என்னிடம் கணக்கில்லை. ஆனால் "நீங்கள் சிலர்தானே" என்ற வாதத்தை மலையகத்தில் பிறந்த ஒருவனிடம் கொண்டுவராதீர்கள். அந்த வாதத்தை நாங்கள் வேறு பல சபைகளில் கேட்டிருக்கிறோம். பலருக்குத் தேவைப்படாத ஒன்றை மறைத்து வையுங்கள், ஆட்சேபணையில்லை. எஃப் 3 மறைந்துதானே இருந்தது? தட்டாதவனுக்கு அது இருப்பதே தெரியாது. யாருக்கும் இடைஞ்சல் செய்யாத ஒன்றை, சிலருக்கு மட்டும் பயன்படுகிறது என்பதற்காக எடுப்பதை எளிமை என்று அழைக்கக் கூடாது.

இரண்டாவது, தாவல்கள் இருக்கின்றனவே என்பது. விண்டோஸின் கோப்பு மேலாளருக்கும் 2022இல் தாவல்கள் வந்தன. இரட்டைப் பலகம் வரவில்லை. தாவல் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த இரண்டு தாள்கள். மேலுள்ளதைப் பார்க்கும்போது கீழுள்ளது தெரியாது. அச்சுப்படியின் மேல் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு ஒப்புநோக்கச் சொன்னால் எங்கள் தலைமை ஒப்புநோக்குநர் எழுந்து போயிருப்பார்.

மூன்றாவது, இரண்டு சாளரங்களைத் திறந்து பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளலாமே என்பது. இது ஓரளவு நியாயமான பதில். பெரிய திரை உள்ளவர்களுக்குப் போதுமானதும்கூட. எங்கள் பிள்ளைகளிடம் இருப்பவை யாரோ பாவித்துக் கொடுத்த சிறிய திரை மடிக்கணனிகள். இரண்டு சாளரங்கள் என்றால் இரண்டு பட்டிகள், இரண்டு பக்கப் பட்டைகள். கோப்பின் பெயரைப் படிக்க மிஞ்சுவது நான்கு விரற்கடை இடம். அதற்கு மேல், தனிச் சாளரங்களுக்கு ஒன்றுக்கொன்று உறவு கிடையாது. மூன்றாவது சாளரம் ஒன்று நடுவே வந்து விழுந்தால் எது மூலம், எது பிரதி என்ற நினைவு குழம்பிவிடும். இரட்டைப் பலகத்தில் அந்த உறவு சாளரத்திற்குள்ளேயே இருக்கிறது.

நான்காவது, நமது பயிற்றுநர் சொன்னது: தேடினால் வந்துவிடும்.

வராது தம்பி. அதைத்தான் விளக்கப் போகிறேன்.

எங்கள் தோட்டங்களில் ஒருவருக்கு எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். தாய் வைத்த பெயர் லெட்சுமி. செக்ரோலில் கிளாக்கர் ஐயா ஆங்கிலத்தில் எழுதியது ஒரு விதம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பதிவாளர் சிங்களத்தில் எழுதியது இன்னொரு விதம். அடையாள அட்டைக்காக அதைப் பெயர்த்து எழுதியபோது வந்தது மூன்றாவது விதம். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி, இலட்சுமி. தோட்டத்திற்கே ஆங்கிலப் பதிவேட்டில் ஒரு பெயரும் சனங்களின் வாயில் வேறு பெயரும் உண்டு. தேடுபொறியில் எதைத் தட்டுவீர்கள்? எழுத்து மாறினால் அதற்கு அது வேறு ஆள். மனிதக் கண்ணுக்கு மட்டுமே, தகப்பன் பெயரையும் பிறந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது ஒரே ஆள் என்று சொல்லத் தெரியும்.

இது வெறும் எழுத்துப் பிழை விவகாரமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்திலிருந்து, இந்தியத் தமிழரின் வாழ்வு முழுவதும் பட்டியல்களால் தீர்மானிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் எண்ணப்பட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை மறு பட்டியலிலும் விழுந்த குடும்பங்கள் ஊவாவிலும் உண்டு. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனார். தங்கை அப்புத்தளையில் கொழுந்து பறித்தார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் முடிந்தது என்பார்கள். பெயர்ப் பிரச்சினை முடியவில்லை. ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகிறவருக்கு இன்றும் அது முதல் நாள் போலவே நிற்கிறது. செக்ரோல் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் பொருந்தவில்லை. சத்தியக் கடதாசி கொண்டு வா. கிராம அலுவலரின் கடிதம் கொண்டு வா. தோட்டத்துக் கடிதம் கொண்டு வா. ஒவ்வொரு கடிதத்திற்கும் ஒரு நாட்கூலி போகிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அன்று பத்திரிகைக்காரனாக நான் பட்ட வெட்கத்தை மறக்கவில்லை. காணாமற்போனோர் எத்தனை பேர் என்று கேட்டால் முதல் நாள் சொன்ன எண் வேறு, மறுநாள் சொன்ன எண் வேறு. இறந்தவர்களைத் தேடுவதற்கு முன்பு, அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதைத் தேட வேண்டியிருந்தது. வாழ்ந்ததற்கான தாள்களும் வாழ்ந்தவர்களோடு சேர்ந்து மண்ணுக்குள் போயிருந்தன.

அதற்குப் பிறகுதான் நண்பர்கள் சிலர் சேர்ந்து, தோட்டம் தோட்டமாகப் போய் ஆவணங்களைப் படமெடுத்து வைக்கத் தொடங்கினோம். பிறப்பு அத்தாட்சி, விவாகப் பதிவு, குடியுரிமைச் சான்று, சேமலாப நிதி அட்டை, பழைய கடவுச்சீட்டு, தகரப் பெட்டியில் இருக்கும் எதுவாயினும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவந்ததைப் பார்த்த துணிச்சல்தான். பெரிய நிதியோ அலுவலகமோ கிடையாது. இரண்டு கமராக்கள், ஒரு பழைய கணனி.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

2016இல் ஒரு ஞாயிறு இரவு. அன்று இரண்டு தோட்டங்களுக்குப் போய் வந்திருந்தோம். இரண்டு கமராக்களும் படங்களுக்கு ஒரே மாதிரி எண்ணிடுபவை: 'ஐஎம்ஜி 0001' என்று தொடங்கி வரிசையாக. முதற் கமராவின் படங்களைக் கணனியில் இறக்கி, அட்டையையும் அழித்துவிட்டேன். இரண்டாவது கமராவின் படங்களை அதற்குரிய கோப்புறையில் இட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சாளரங்கள், ஒரே அளவு, ஒரே மஞ்சள் நிறம். தூக்க மயக்கம். இழுத்துப் போட்ட இடம், முதற் கமராவின் கோப்புறை. "இதே பெயரில் கோப்புகள் உள்ளன, மாற்றிடலாமா?" என்று கணனி கேட்டது. ஆம் என்றேன். 38 படங்கள் போயின.

எங்களோடு உதவிக்கு வந்த ஓர் இளைஞன், முதற் கமராவின் படங்கள் சிலவற்றைத் தன் பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதை ஒரு பக்கமும் எங்கள் கோப்புறையை மறு பக்கமும் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். வாழ்வில் முதன்முறையாக இரட்டைப் பலகத்தில் வேலை செய்தது அன்றுதான். 31 படங்கள் மீண்டன. ஏழு மீளவில்லை.

மறுபடியும் போய் எடுத்துவிடலாமே என்பீர்கள். போனோம். அந்த ஏழில் ஒன்று, ஓய்வு பெற்ற ஓர் அம்மாவின் பழைய வேலை அட்டை. செக்ரோல் பெயரையும் அடையாள அட்டைப் பெயரையும் இணைத்துக் காட்டக்கூடிய ஒரே தாள் அது. நாங்கள் திரும்பிப் போவதற்கு முன்பு அவருடைய லயன் தீப்பிடித்து எரிந்திருந்தது. தகரப் பெட்டி இருந்தது. உள்ளே கரி இருந்தது.

"படம் புடிச்சீங்களே தம்பி, அது இருக்குல்ல?" என்றுதான் கேட்டார். என்ன சொல்வது? நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நான் ஒருத்திதாங்க தம்பி, பேருதான் ரெண்டு. அதை அவங்ககிட்ட எப்படிச் சொல்லுறது?" என்றார். பிறகு சத்தியக் கடதாசிகளோடு ஒன்றரை ஆண்டுகள் அலைந்தார். ஒவ்வொரு முறையும் நானும் கூடப் போனேன். அதனால் என் கடன் தீர்ந்துவிடவில்லை.

தவறு என் கையுடையது. எந்த மென்பொருளையும் குற்றம் சாட்டி நான் தப்பிக்கப் போவதில்லை. இரட்டைப் பலகம் மடைமையைத் தடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதிலும் 'ஆம்' என்று தட்டலாம். ஆனால் கோப்பு போய்ச் சேரும் இடம் கண்முன்னே திறந்திருந்தால், அங்கே 'ஐஎம்ஜி 0001' ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் கை நின்றிருக்கும். ஒப்புநோக்குநனாகத் தொழில் தொடங்கியவன், ஒப்புநோக்காமல் செய்த ஒரே வேலை அது.

ஆகவே, "யாரும் பார்ப்பதில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நாட்டிலஸில் எடுத்துவிட்டதால் உலகம் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே 2012இல் லினக்ஸ் மின்ட் குழுவினர் பழைய நாட்டிலஸிலிருந்து பிரித்து நீமோவை உருவாக்கினார்கள். எஃப் 3 அங்கே பிழைத்துக்கொண்டது. 2008இல் கேடீஈயின் இயல்புக் கோப்பு மேலாளரான டால்பினிலும் அதே எஃப் 3 உண்டு. எளிமைக்குப் பெயர் பெற்ற துனார்கூட 2022 டிசம்பரில் வெளிவந்த 4.18இல் இதைச் சேர்த்தது. சிலருக்குத்தான் தேவை என்றால், பத்து ஆண்டுகள் கழித்து வேறொரு குழு ஏன் உழைத்துச் சேர்க்க வேண்டும்? விண்டோஸ் பாவிப்பவர்களுக்கு டோட்டல் கமாண்டர் இருக்கிறது. விலையின்றி வேண்டுமானால் டபுள் கமாண்டர் இருக்கிறது.

பழக விரும்புவோருக்கு நான் கைக்கொள்ளும் ஒழுங்கைச் சொல்கிறேன். இடப்பக்கம் எப்போதும் மூலம். வலப்பக்கம் எப்போதும் பிரதி. இதை ஒரு நாளும் மாற்றுவதில்லை. சுட்டியால் இழுப்பதில்லை: விண்டோஸில் ஒரே வன்தட்டுக்குள் இழுத்தால் கோப்பு இடம்பெயரும், வேறு தட்டுக்கு இழுத்தால் பிரதியாகும், களைத்த நேரத்தில் இந்த வேறுபாடு நினைவில் நிற்காது. பிரதி செய்யும் விசையையே தட்டுகிறேன். இரண்டு பலகங்களையும் ஒரே வரிசையில், பெயர்வாரியாக அடுக்குகிறேன். முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் பார்க்கிறேன். ஒன்று குறைந்தாலும் கமரா அட்டையை அழிப்பதில்லை. படங்களின் பெயரைத் தோட்டம், ஆண்டு, வீட்டு இலக்கம் என்று அன்றிரவே மாற்றிவிடுகிறேன். டோட்டல் கமாண்டரிலும் டபுள் கமாண்டரிலும் இரு கோப்புறைகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைப் பட்டியலிடும் வசதியும் உண்டு. கண் தவறவிடுவதை அது பிடிக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மீண்டும் மண்சரிவு, மீண்டும் தகரப் பெட்டிகள் இல்லாத மனிதர்கள். எங்களிடமிருந்த பிரதிகளைக் கேட்டுச் சிலர் வந்தார்கள். கொடுக்க முடிந்தவர்களுக்குக் கொடுத்தோம். கொடுக்க முடிந்ததற்குக் காரணம் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சரிபார்த்து வைத்திருந்ததுதான்.

கடல் கடந்து இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் குடும்பத்தின் ஒரு பாதி கூடலூரிலோ கோத்தகிரியிலோ டான்டீ தோட்டத்திலோ இருக்கலாம். மறு பாதி பண்டாரவளையில் இருக்கலாம். அந்தப் பக்கத்துப் பெரியப்பாவின் பெட்டியில் உள்ள கடவுச்சீட்டையும் இந்தப் பக்கத்து அத்தையின் பிறப்பு அத்தாட்சியையும் படமெடுத்து, ஒரே திரையில் இடமும் வலமுமாக வைத்துப் பாருங்கள். தாத்தாவின் பெயர் இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். பாட்டன் ஒருவர்தான். பட்டியல் போட்டவர்கள் பிரித்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமையாவது நமக்கு இருக்கட்டும்.

மென்பொருள் வடிவமைப்பாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மறைத்து வையுங்கள், எடுக்காதீர்கள். கணனி கற்பிப்போரிடம் கேட்பது அதைவிடச் சற்றுக் கூடுதல்: தேடக் கற்றுக்கொடுக்கும் முன்பு ஒப்பிடக் கற்றுக்கொடுங்கள். பெயர் சரியாக எழுதப்பட்டவர்களுக்குத் தேடல் போதும். எங்களுக்குப் போதாது.

அந்தப் பயிற்றுநரோடு பிறகு தொலைபேசியில் பேசினேன். அம்மாவின் வேலை அட்டையைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த அணிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போகிறேன். முதற் பாடம் எஃப் 3.